வாரம் ஒரு புகார்

அத்தியாயம் 9

நானூறு பேர் வேலை செய்கிற இடத்தில், வாரத்துக்கு ஒரே ஒரு ஆளுக்கு மட்டும்தான் குறை இருக்குமா?

இந்தக் கேள்வி ரசீதம்மாவின் மண்டைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று பத்து. மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. குழு எழுதப்போகும் அறிக்கை ஏற்கனவே டைப் அடிக்கப்பட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுக் காத்திருக்கிறது என்பது ஆலையைப் பெருக்குகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதன் கடைசி வரி, 'மரணத்துக்குக் காரணம் தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு.'

செத்துப்போனவர் பழைய காகிதத்தையும் அட்டையையும் அமுக்கிக் கட்டாக்கும் பிரஸ் மெஷினை ஓட்டியவர். பதினாலு வருஷ அனுபவம். நாலு நாளைக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, சிக்கிக்கொண்ட அட்டையை எடுக்க மெஷினின் கதவைத் திறந்து உள்ளே இறங்கினார். கதவைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். நின்றது. அவர் உள்ளே இருக்கும்போதே மறுபடி ஓடியது.

மெயின் சுவிட்சை அணைக்காமல் இறங்கியது அவர் தப்பு என்கிறது நிர்வாகம். அவர் மனைவி வேறு மாதிரி சொல்கிறாள். அதே ஆலையில் அட்டைப்பெட்டி மடிக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள்.

"வியாழக்கிழமையே புகார் கொடுத்தாருக்கா. ரெஸ்ட் ஹால் கம்ப்யூட்டர்ல தட்டினாரு. 'நன்றி, உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது'ன்னு வந்துச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். எனக்கு வேற எதுவும் வேணாம். அந்த ஒரு வரி மட்டும் வரக்கூடாது. ஒரு கீறல் இல்லாம பதினாலு வருஷம் வேலை பாத்த மனுஷன்."

அப்படி ஒரு புகார் வரவே இல்லை என்கிறார் சேஃப்டி ஆபீசர். ஆக, யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். அப்படித்தான் ரசீதம்மா நினைத்துக்கொண்டு வந்தார். பொய்யைத் தேடுவது அவருக்குக் கைவந்த கலை. இருபத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்தபோது யார் என்ன சொன்னாலும் "ரசீது இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது தனியாகத் துப்பறிகிறார். கூட இருக்கும் உதவியாளன் முப்பத்தாறு வயசுக்காரன், கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் ஒன்று நடத்தி மூடியவன். அவன் பெயர் கொட்டாவி. வாயைத் திறந்தால் ஒன்று கொட்டாவி வரும், இல்லாவிட்டால் வம்பு வரும்.

சேஃப்டி ஆபீசரின் அறை சுத்தமாக இருந்தது. அளவுக்கு மீறிய சுத்தம். மேஜைமேல் ஒரு ஃபைல். அதில் நாற்பத்தாறு தாள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு புகார்.

"கம்ப்யூட்டர் வந்து நாப்பத்தாறு வாரம் ஆகுது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலைல ஒன்பது மணிக்கு நானே புகார்க் கோப்பைத் திறந்து அச்சு எடுப்பேன். எதையும் மறைக்கல மேடம். நீங்களே பாருங்க."

ரசீதம்மா புரட்டினார். குடிநீர்க் குழாய் ஒழுகுகிறது. ஏணியின் மூன்றாவது படி உடைந்திருக்கிறது. கழிப்பறையில் விளக்கு இல்லை. ஒவ்வொன்றின் கீழேயும் 'சரிசெய்யப்பட்டது' என்று தேதியோடு கையெழுத்து. கடைசித் தாள், விபத்துக்கு முந்தின நாள் எடுத்தது. 'பெண்கள் உடை மாற்றும் அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை.'

"போட்டாச்சா?"

"அன்னிக்கு மதியமே போட்டாச்சு. என் வேலைல சுணக்கம் இருக்காது மேடம்."

"கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி?"

"மரப்பெட்டி ஒண்ணு தொங்கும். சீட்டு எழுதிப் போடுவாங்க. வாரத்துக்கு இருபத்தஞ்சு முப்பது வரும், தலைவலி. இப்ப ஒண்ணுக்கு மேல வர்றதில்ல." ஆபீசரின் கண் சுவரில் மாட்டியிருந்த சட்டத்துக்குப் போய் வந்தது. புகார்களைக் குறைத்ததற்காகத் தலைமை அலுவலகம் கொடுத்த பாராட்டுப் பத்திரம்.

"ஒண்ணுக்கு மேல வர்றதில்ல. சரி. ஒண்ணுமே வராத வாரம் இருந்துச்சா?"

ஆபீசர் யோசித்தார். "இல்ல."

"ரெண்டு வந்த வாரம்?"

"அதுவும் இல்ல."

கொட்டாவி வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னான், "சம்பளம்கூட இவ்வளவு ஒழுங்கா வந்ததில்ல மேடம் எனக்கு."

ரசீதம்மா ஃபைலை மூடினார். மனிதர்கள் எழுதுகிற எதுவும் இப்படிச் சீராக வராது. ஒரு வாரம் கொட்டும், ஒரு வாரம் காயும். இங்கே நாற்பத்தாறு வாரமும் யாரோ ஒரே அளவில் அளந்து ஊற்றியிருக்கிறார்கள். "யாரோ ஒண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எடுத்துடறாங்க. இந்தப் புகார்க் கருமத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினது யாரு?"

"டைம்கீப்பர்" என்றார் ஆபீசர். "ரொம்ப நல்ல மனுஷன். அவரா கத்துக்கிட்டு, ஓசியில செஞ்சு கொடுத்தாரு."

நல்ல மனுஷன் என்று யாராவது சொன்னாலே ரசீதம்மாவுக்கு உடம்பு விறைக்கும். விறுவிறுவென்று இறங்கினார்.

மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு பொந்து. அதுதான் டைம்கீப்பரின் அறை. வருகைப் பதிவேடுகள் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் ஒரு பக்கம். நடுவே சுருள் கம்பி போட்டுக் கட்டிய தடிமனான ஜெராக்ஸ் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. டைம்கீப்பருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வந்தவர்களுக்கு நாற்காலி இல்லையே என்று அவர் பதறியதில் ஒரு நிமிஷம் போனது.

"பெர்ல்லயா எழுதினீங்க?" கொட்டாவி எட்டிப் பார்த்தான். இணையப் படிவத்தில் ஒருவர் எதையாவது நிரப்பி அனுப்பினால் அதை வாங்கி வைக்கிற வேலைக்கு அந்தக் காலத்தில் எல்லோரும் பிடித்த மொழி அது. அவனும் ஒரு காலத்தில் அதைச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். "ஐந்நூறு வந்துச்சா?"

டைம்கீப்பரின் முகத்தில், இத்தனை நாள் கழித்துத் தன் பாஷை தெரிந்த ஆளைப் பார்த்துவிட்ட வெளிச்சம். "வராம? 'உள் பிழை ஐந்நூறு'ன்னு மூணு வாரம் அதே பக்கம்தான் சார். முதல் வரியில பெர்ல் இருக்கிற இடத்தைத் தப்பா எழுதியிருந்தேன். அதைத் திருத்தினா, ஸ்கிரிப்டுக்கு ஓடறதுக்கான அனுமதி கொடுக்கல. அதைக் கொடுத்தா, பக்கத்தை அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தலைப்பு வரி அனுப்பணுமாம், அதுக்கு அடியில ஒரு வெத்து வரி விடணுமாம். அந்த வெத்து வரியைக் கண்டுபிடிக்க எட்டு நாள் ஆச்சு."

"வெறும் எட்டு நாளா? என்கிட்டப் படிச்சவங்க பல பேர் இன்னும் அந்த வரியைத் தேடிட்டிருக்காங்க."

"சிரிச்சது போதும்" என்றார் ரசீதம்மா. "கோப்புல இருந்து புகாரை யார் யாரு அழிக்க முடியும்?"

டைம்கீப்பரின் சிரிப்பு நின்றது. "அழிக்கிறதா? யாராலயும் முடியாது மேடம். ஆபீசரால படிக்கத்தான் முடியும். எனக்குச் சாவி இருக்கு, ஆனா நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"செத்துப்போனவர் வியாழக்கிழமை புகார் அனுப்பியிருக்காரு. வெள்ளிக்கிழமை அது இல்ல. நடுவுல யாரோ தொட்டிருக்காங்க."

"ஸ்கிரிப்ட் சரியாத்தான் வேலை செய்யுது மேடம். நூறு தடவைக்கு மேல சோதனை பண்ணியிருக்கேன். இப்பவே பண்ணிக் காட்டறேன்."

கொட்டாவி முதலில் அப்போது இருந்த கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு படிவத்தைத் திறந்து, தொழிலாளியின் அடையாள அட்டை எண் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே தட்டினான். 'இந்த அறையில் உதவியாளருக்கு உட்கார இடமில்லை.' அனுப்பினான். நன்றி என்று வந்தது. டைம்கீப்பர் புகார்க் கோப்பைத் திறந்தார். உதவியாளருக்கு உட்கார இடமில்லை என்பது அட்சரம் பிசகாமல் இருந்தது.

"பாத்தீங்களா? ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அனுப்புவேன், திறந்து பாப்பேன், இருக்கும்."

ரசீதம்மா திரையையே பார்த்தார். "கொட்டாவி, எழுந்திரு. இப்ப நான் ஒண்ணு அனுப்பறேன்."

ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். 'படிக்கட்டு தலையில் இடிக்கிறது.' அனுப்பினார். நன்றி என்று வந்தது. டைம்கீப்பர் கோப்பைத் திறந்தார்.

படிக்கட்டு தலையில் இடிக்கிறது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

"கொட்டாவி உக்கார இடம் எங்க?" என்றார் ரசீதம்மா.

டைம்கீப்பர் கோப்பை மூடித் திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். கொட்டாவி அவரை மெல்ல நகர்த்திவிட்டு ஸ்கிரிப்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தான். இப்போது அவன் குரலில் வம்பு இல்லை.

"கோப்பைத் திறக்கிற இடத்துல ஒரு அம்புக்குறி போட்டிருக்கீங்க. ஒண்ணு போட்டா, இருக்கிறதையெல்லாம் துடைச்சிட்டுப் புதுசா எழுதுன்னு அர்த்தம். ரெண்டு போட்டிருந்தா, இருக்கிறதுக்கு அடியில சேத்து எழுதும். ஒவ்வொரு புகார் வரும்போதும் முந்தின புகார் போயிடும். எப்பத் திறந்தாலும் கடைசியா வந்தது ஒண்ணு மட்டும்தான் இருக்கும்."

"ஆனா நான் நூறு தடவை..."

"நீங்க ஒரு ஆளு. நீங்களே அனுப்பி நீங்களே பாத்திருக்கீங்க. கடைசியா அனுப்பினது எப்பவும் நீங்கதான். அப்பறம் எப்படித் தப்புத் தெரியும்?"

டைம்கீப்பர் அந்த ஜெராக்ஸ் புத்தகத்தைக் கையில் எடுத்தார். எந்தப் பக்கத்தைத் தேடுகிறோம் என்று தெரியாமல் புரட்டினார். ரசீதம்மா அவரைப் பார்க்காமல் வெளியே போய், சேஃப்டி ஆபீசரைக் கூட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. கோபமாக இருந்தது. ஒரு திருடனைப் பிடிக்க வந்த இடத்தில் மூன்று வாரம் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட ஒரு மனுஷன் இருந்தால் என்ன செய்வது? அடிக்கவா முடியும்?

ஆபீசர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரு முறை கேட்டதும் புரிந்துகொண்டார்.

"அப்ப மத்ததெல்லாம்?"

"போயிடுச்சு" என்றார் ரசீதம்மா. "முப்பது வந்த இடத்துல ஒண்ணு வந்துச்சே, ஏன்னு ஒரு நாள்கூடத் தோணலியா உங்களுக்கு?"

ஆபீசர் நேராகவே சொன்னார். "தோணல. நல்லா வேலை பாக்கறோம்னு நெனச்சேன்."

மணி பன்னிரண்டரை. புகார் வந்தது நிஜம் என்று இப்போது நான்கு பேர் நம்புகிறார்கள். விசாரணைக் குழுவுக்கு நம்பிக்கை போதாது. துடைத்த கோப்பில் எதைக் காட்டுவது?

கொட்டாவி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான். அது பாதியிலேயே நின்றது. திறந்த வாய் திறந்தபடி திரையின் மேல்பக்கத்தைப் பார்த்தான். ரசீதம்மா அனுப்பிய புகாருக்கு வந்த நன்றிப் பக்கம் இன்னும் அங்கேயே இருந்தது.

"மேடம், முகவரி வரியைப் படிங்க."

ரசீதம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். ஸ்கிரிப்டின் பெயர். அதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி. அதற்குப் பின்னால், 'படிக்கட்டு+தலையில்+இடிக்கிறது.'

"படிவம் எழுதும்போது எந்த வழியில அனுப்பணும்னு சொல்லணும்" என்றான் கொட்டாவி. அவன் விரல்கள் ஏற்கனவே தட்டிக்கொண்டிருந்தன. "புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் அதை மறப்பாங்க. சாரும் மறந்துட்டாரு. சொல்லலைன்னா, நிரப்பினதெல்லாம் முகவரியோட ஒட்டிக்கிட்டுப் பகிரங்கமாப் போகும். ரகசியம்லாம் கோவிந்தா. ஆனா சர்வர் என்ன பண்ணும்? யார் எந்த முகவரியைக் கேட்டாலும் ஒரு பதிவேட்டுல குறிச்சு வைக்கும். சார், பிழைப் பதிவேடு பாப்பீங்கல்ல? அதுக்குப் பக்கத்துலயே இந்தப் பதிவேடும் இருக்குமே. அதை எப்பவாவது திறந்தீங்களா?"

"பிழை வர்ற வரைக்கும் பிழைப் பதிவேடு பாத்தேன்" என்றார் டைம்கீப்பர். "பிழை நின்னதும் எதையும் பாக்கறதை நிறுத்திட்டேன்."

ரசீதம்மாவின் காதில் அந்த வாக்கியம் ஏறவில்லை. திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பத்தாறு வாரம். கொட்டாவி எண்ணச் சொன்னதும் கம்ப்யூட்டர் எண்ணிச் சொன்னது. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு புகார்கள். படிக்கப்பட்டவை நாற்பத்தாறு.

"வியாழக்கிழமைக்குப் போ" என்றார் ரசீதம்மா.

ஒன்று பத்து. அட்டை எண் முந்நூற்றுப் பதினேழு.

'பிரஸ்+கதவு+திறந்தா+நிக்குது+ஆனா+கொஞ்ச+நேரத்துல+தானா+ஓடுது+உள்ள+ஆள்+இருந்தா+போச்சு+உடனே+பாருங்க'

"முந்நூத்திப் பதினேழு அவர்தான்" என்றார் டைம்கீப்பர். தொழிலாளர் பதிவேட்டைப் பார்க்கவே இல்லை.

ஆபீசர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "இது மட்டும் என் கைக்கு வந்திருந்தா அஞ்சே நிமிஷத்துல மெஷினை நிறுத்தியிருப்பேன் மேடம்."

அது உண்மை. தாழ்ப்பாளை அரை நாளில் போட்ட மனுஷன் இதையும் செய்திருப்பார். அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஒரு தப்பு துடைச்சதை இன்னொரு தப்பு காப்பாத்தி வெச்சிருக்கு" என்ற கொட்டாவி உற்சாகமாக நாற்காலியைத் திருப்பினான். "ஜெயிச்சாச்சு மேடம். அச்சுப் போடட்டுமா?"

"இரு. அடுத்த வரி என்ன?"

ஒன்று பதினாறு. அட்டை எண் இருநூற்று நாலு. 'பெண்கள்+உடை+மாத்துற+ரூம்+கதவுக்கு+தாழ்ப்பாள்+இல்ல.' அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுவரை வரிகளே இல்லை. மதிய இடைவேளை முடிந்ததும் ரெஸ்ட் ஹால் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்கள்.

ஆறு நிமிஷம். 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று அந்தப் பக்கம் சொன்னது பொய்யில்லை. ஆறு நிமிஷத்துக்கு அது உண்மையாகவே இருந்தது. ரசீதம்மாவின் போலீஸ் மூளை உடனே வேறு பக்கம் ஓடியது. சரியாக அந்தப் புகாருக்குப் பின்னால், சரியாக ஆறாவது நிமிஷத்தில், ஒரு அற்பப் புகார். இந்தக் கோளாறு தெரிந்த யாராவது, வேண்டுமென்றே அதன் மேல் எழுதியிருந்தால்?

"வில்லன் வந்தாச்சு போல" என்று கொட்டாவியும் கைகளைத் தேய்த்தான்.

"இருநூத்தி நாலு யாரு?"

டைம்கீப்பர் தொழிலாளர் பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. பதிவேட்டை அப்படியே ரசீதம்மாவின் பக்கம் திருப்பித் தள்ளினார்.

பெட்டி மடிக்கும் பிரிவு. கணவர் என்ற இடத்தில், பிரஸ் பிரிவு, அட்டை எண் முந்நூற்றுப் பதினேழு.

"அட, போங்கடா" என்றான் கொட்டாவி, யாரிடம் என்றில்லாமல்.

இரண்டரை மணிக்கு விசாரணை அறைக்கு வெளியே நீள பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். தனியாக. மற்ற தொழிலாளிகள் அந்தப் பக்கம் வந்தால் தலையை ஆட்டிவிட்டு வேகமாகக் கடந்துபோனார்கள்.

நடைபாதையின் கோடியில் கொட்டாவி ரசீதம்மாவின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான். "முதல் வரியோட கத்தரிச்சிடலாம் மேடம். அவர் புகார் கொடுத்தாருன்னு காட்டினாப் போதாதா? அடுத்த வரி எதுக்கு?"

"வியாழக்கிழமை கடைசியா வந்த புகார் வெள்ளிக்கிழமை தாள்ல ஏன் இல்லன்னு முதல் கேள்வியே வரும். அடுத்த வரி இல்லாட்டி, ஆபீசர் மறைச்சாருன்னு ஆகும். அந்த ஆள் தூங்கினாரு, மறைக்கல. செய்யாததுக்கு அவரை உள்ள தள்ளச் சொல்றியா?"

"அப்ப இந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

ரசீதம்மா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. முதல் வரியைப் படித்துக் காட்டினார். அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "சொன்னேன்ல? சொன்னேன்ல அக்கா?" பிறகு ரசீதம்மா அடுத்த வரியைப் படித்தார். ஒன்று இன்னொன்றை எப்படித் துடைத்தது என்று சொன்னார். இதில் அவள் தப்பு துளிகூட இல்லை என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் எவ்வளவு பிரயோஜனமில்லாதது என்று சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது.

அவள் அழவில்லை. கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அந்த மெஷின் மூணு வாரமாவே அப்படித்தான்க்கா. ஒவ்வொரு தடவை உள்ள இறங்கும்போதும் ஷெட்டோட அந்தக் கோடி வரைக்கும் நடந்து போயி மெயினை அணைச்சிட்டு வருவாரு. கால் வலிக்குதும்பாரு. வெள்ளிக்கிழமை மதியம் எங்க ரூமுக்குத் தாழ்ப்பாள் போட்டாங்க. சாயங்காலம் போகும்போது அவருக்கு ஒரே சந்தோஷம். 'உன்னோட தாழ்ப்பாளையே ஒரே நாள்ல பாத்துட்டாங்கன்னா, என்னோடதை அதுக்கு முன்னாடியே பாத்திருப்பாங்க'ன்னாரு. சனிக்கிழமை அதனாலதான் நடந்து போகல."

நின்றுகொண்டிருந்த கொட்டாவி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

"இன்னொண்ணுக்கா. அதை நான் தட்டல."

"எதை?"

"தாழ்ப்பாளை. எனக்கு அந்தப் பலகையில எழுத்துத் தேடவே வராது. வேணாம், அப்பறம் பாத்துக்கலாம்னேன். அவர்தான் என் அட்டையை வாங்கி நம்பர் போட்டு, நீ சொல்லு நான் தட்டறேன்னு உக்காந்தாரு. அனுப்பினதும் அவர்தான். 'உனக்கும் நன்றி வந்திருச்சு பாரு'ன்னு சிரிச்சாரு."

தன் புகாரைத் தானே துடைத்த மனுஷன். மனைவிக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்பதற்காக.

"இதை உள்ள சொன்னா என்னக்கா எழுதுவாங்க?"

"ஸ்கிரிப்டோட தப்பு. அதைத்தான் எழுதணும்."

"எழுதணும்கறீங்க. எழுதுவாங்களா?"

ரசீதம்மாவுக்கு விசாரணைக் குழுவில் இருந்த மூன்று பேரையும் தெரியும். டைப் அடித்த தாளைக் கிழிக்க மனசில்லாதவர்கள். 'சொந்தக் கவனக்குறைவு' என்பதற்கு முன்னால் 'தன் புகாரைத் தானே அழித்துக்கொண்டதோடு' என்று நான்கு வார்த்தை சேர்த்தால் அவர்களுக்கு வேலை முடிந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், எழுதமாட்டார்கள் என்று.

அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "என் அட்டை. என் நம்பர். நான்தான் தட்டினேன். நீங்க ரெண்டு பேரும் எதுவும் கேக்கல."

"அம்மா, யோசிச்சுச் சொல்லு" என்றார் ரசீதம்மா. "நாளைக்கு ஆலை முழுக்க இதைப் பேசும். புருஷன் புகாரை அழிச்சவள்னு உன்னைக் கைகாட்டும். நீ தினமும் இங்கதான் வேலைக்கு வரணும்."

"தெரியும்க்கா."

மூன்று மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கொட்டாவி ஸ்கிரிப்டைப் பற்றிச் சொன்னான், ஒரு வம்பு வார்த்தைகூட இல்லாமல். டைம்கீப்பர் நான்தான் எழுதினேன், என் தப்பு என்று மூன்று தடவை சொல்ல, போதும் உட்காருங்கள் என்றார்கள். ஆபீசர் ஃபைலைக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். தாள் கைமாறிக் கைமாறிப் போனது. குழுவில் ஒருவரான ஆலை மேலாளர் இரண்டாவது வரியில் பேனாவை வைத்தார்.

"இந்த இருநூத்தி நாலு?"

"நான்தான் சார்" என்றாள் அவள்.

"நீங்களேதான் தட்டினீங்களா? வேற யாராவது உங்களுக்காக...?"

ரசீதம்மா ஜன்னலைப் பார்த்தார்.

"நானேதான். அவர் வேணாம், அப்பறம் பாத்துக்கலாம்னாரு. நான்தான் கேக்கல."

மேலாளர் மற்ற இருவரையும் பார்த்தார். கொஞ்சநேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு குழுத் தலைவர் டைப் அடித்த தாளின் கடைசி வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். அதன் மேலே பேனாவால் எழுதி, வாய்விட்டுப் படித்தார். "இறந்தவர் உரிய நேரத்தில் புகார் அளித்துள்ளார். அட்டை எண் இருநூற்று நான்கு பின்னர் அனுப்பிய புகாரால் அது அழிந்தது. சரியாம்மா?"

ஸ்கிரிப்ட் என்ற வார்த்தை அதில் இல்லை. நாற்பத்தாறு வாரம் என்பதும் இல்லை. ரசீதம்மா வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"சரி சார்" என்றாள் அவள்.

"அப்ப சாட்சின்னு இங்க ஒரு கையெழுத்து."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். உடனே போடவில்லை. தாளை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, தலைவரிடம் கேட்டாள்.

"அவர் பேர்ல வேற எதுவும் எழுதலியே?"

"இல்லம்மா."

அவள் கையெழுத்துப் போட்டாள்.